பலகை வேலியும் வர்ணம் பூசிய நகரமும்

மேடையின் பின்புறத்தே ஒரு பலகை வேலி. வேலியில் மூன்று சுவரொட்டிகள். ஒன்றில் நாய், ஒன்றிற் பூனை, ஒன்றிற் சிட்டுக்குருவி. மூன்றுக்கும் உடல் உண்டு, தலை இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துளை. வேலிக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள் தமது முறை வந்ததும் துளைவழியே முகத்தை நீட்டுவர். படம் உயிர்பெற்றுப் பாடத் தொடங்கும். 1943ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி, வட பொஹீமியாவிலுள்ள தெரெசின் என்னும் கோட்டை நகரில், மக்டெபூர்க் படைவீடு எனப்பட்ட கட்டடத்தின் மண்டபத்தில், ‘புருண்டிபார்’ என்ற சிறுவர் இசைநாடகம் அரங்கேறியபோது அமைந்த காட்சி இதுவே. வேலி என்றதும் நமது கிடுகு வேலியை நினைத்துவிடலாகாது. ஐரோப்பிய நகரங்களில் வெற்றுக் காணிகளையும் கட்டடம் எழும் இடங்களையும் மறைத்து நிற்கும் பலகைத் தட்டி அது. தெருவிற் போவோர் வருவோர் விளம்பரங்களை ஒட்டிச் செல்லும் இடம்.

நாடகமென்றால் திரைச்சீலை என்றே நம்மிற் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். அரசவைக்கு ஒரு சீலை, தெருவுக்கு ஒரு சீலை, காட்டுக்கு ஒரு சீலை என்று எழுதுவித்து உருளையிற் சுற்றித் தொங்கவிட்ட காலத்தின் வாசனை நமது பாடசாலை மேடைகளை விட்டு நெடுநாள் அகலவில்லை. சிறுவர் நாடகத்துக்கு எளிய காட்சியமைப்பே போதும் என்று எவரேனும் கூறினால், பணமில்லாதவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது என்று கொள்வோரும் உளர். இக்கருத்தை மறுப்பதற்கு நாம் கோட்பாட்டு நூல்களைத் தேடிச் செல்லவில்லை. தெரெசின் நகரின் அந்தப் பலகை வேலியின் வரலாற்றை மட்டுமே எடுத்துக்கொள்கின்றோம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலி நின்ற அதே நகரில், ஓராண்டு நிறைவதற்குள், வேறொரு காட்சியமைப்பும் எழுந்தது. அதற்கு மரத்துக்குக் குறைவில்லை, வர்ணத்துக்குக் குறைவில்லை, ஆளணிக்கும் குறைவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குமிடத்தே முன்னையதன் பெறுமதி புலனாகும்.

பிராக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது தெரெசின். ஹப்ஸ்பேர்க் மன்னன் இரண்டாம் ஜோசப் 1780இல் அதனை ஒரு கோட்டையாகக் கட்டத் தொடங்கித் தன் தாய் மரியா தெரேசாவின் பெயரை அதற்குச் சூட்டினான். படைவீடுகளும் நேரான தெருக்களும் சுற்றிலும் தடித்த மதில்களுமாக அமைந்த அந்நகரிற் போருக்கு முன்னர் படையினரும் குடிமக்களுமாக ஏழாயிரம் பேரளவில் வாழ்ந்தனர். 1941 நவம்பரில் நாஜிகள் அதனை யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக்கினர். 1942 செப்டெம்பரில் அதே மதில்களுக்குள் ஏறத்தாழ 58,000 பேர் நெருக்குண்டு கிடந்தனர். மூன்றடுக்குக் கட்டில்களும், கூரையடித் தட்டுகளும், பாதாள அறைகளுமே வீடுகள். போர் முடியும்வரை அங்குக் கொண்டுவரப்பட்டோர் ஒரு இலட்சத்து நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் 33,000 பேரளவில் பசியாலும் நோயாலும் அங்கேயே மாண்டனர். ஏறத்தாழ 88,000 பேர் அவுஷ்விட்ஸ் முதலான கொலைக்களங்களுக்குப் புகைவண்டியேற்றி அனுப்பப்பட்டனர். அந்நகரத்து வாழ்க்கையின் அச்சம் அனைத்தும் ‘ட்ரான்ஸ்போர்ட்’ என்ற ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. இன்று யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதே காலையில் எழும் முதற் கேள்வி.

‘புருண்டிபார்’ அந்நகரிற் பிறந்த நாடகம் அன்று. செக்கோஸ்லோவாக்கியா சுதந்திர நாடாக விளங்கிய இறுதி ஆண்டான 1938இல், கல்வி அமைச்சு நடத்திய சிறுவர் இசைநாடகப் போட்டியொன்றுக்காக ஹான்ஸ் கிராசா என்ற இசைப்புலவர் அதற்கு இசையமைத்தார். பாட்டும் வசனமும் எழுதியவர் அவருடைய நண்பர் அடொல்ஃப் ஹொஃப்மைஸ்டர். ஓவியர், கேலிச்சித்திரக்காரர், எழுத்தாளர் எனப் பல முகங்கள் கொண்டவர். மியூனிக் உடன்படிக்கை நாட்டைத் துண்டாடிற்று. அடுத்த மார்ச் மாதம் ஜெர்மன் படைகள் பிராக்கினுள் நுழைந்தன. போட்டி முடிவில்லாமலே முடிந்தது. ஹொஃப்மைஸ்டர் நாட்டைவிட்டு வெளியேறினார். கிராசா தங்கிவிட்டார்.

கதை மிக எளியது. அனிங்கா, பெபிச்செக் என்னும் தந்தையற்ற இரு பிள்ளைகள். தாய் நோயுற்றுக் கிடக்கிறாள். பால் கொடுக்கவேண்டும் என்கிறார் வைத்தியர். சந்தையிற் பால்காரன் இருக்கிறான், பாண்காரன் இருக்கிறான், ஐஸ்கிறீம்காரன் கூவுகிறான். பிள்ளைகளின் கையிற் காசில்லை. கைப்பிடியைச் சுழற்றிப் பாட்டெழுப்பும் பெட்டிவாத்தியத்தோடு நிற்கும் புருண்டிபார் என்பவனுக்கு எல்லோரும் காசு போடுவதைக் கண்டு தாமும் பாட முயல்கின்றனர். அவன் அவர்களைத் துரத்துகிறான். இரவிலே நாயும் பூனையும் சிட்டுக்குருவியும் துணைக்கு வருகின்றன. விடிந்ததும் ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளை எல்லாம் அவை திரட்டுகின்றன. எல்லோரும் கூடி ஒரு தாலாட்டைப் பாடுகின்றனர், காசு சேருகிறது, புருண்டிபார் அதைத் திருடிக்கொண்டு ஓடுகிறான், பிள்ளைகள் துரத்திப் பிடிக்கின்றனர். வெற்றிப் பாடலோடு நாடகம் முடிகிறது. நாற்பது நிமிடங்களுக்குள் அடங்கும் இக்கதை, தனித்து நின்றால் இயலாதது கூடி நின்றால் இயலும் என்று சொல்வதை எந்தக் குழந்தையும் விளங்கிக்கொள்ளும். பிராக்கில் எழுதப்பட்டபோது அது வறிய பிள்ளைகளின் கதையாக இருந்தது. தெரெசினில், பாலையே கண்டறியாத பிள்ளைகள் பாலுக்கு விலை கேட்டுப் பாடியபோது அது வேறு பொருள் கொண்டது.

பிராக் நகரிலே பெல்கிட்ஸ்கா தெருவில் யூதச் சிறுவருக்கான அநாதை விடுதி ஒன்று இருந்தது. ஒட்டோ ஃபிரொய்டன்ஃபெல்ட் என்பவர் அதன் தலைவர். யூதப் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லலாகாது, பூங்காவில் அமரலாகாது, படமாளிகைக்குப் போகலாகாது என்று சட்டத்தின்மேற் சட்டம் வந்துகொண்டிருந்த அந்நாட்களில், விடுதியினுள் பாட்டும் நாடகமும் நடைபெற்றன. 1941இல் ‘புருண்டிபார்’ நாடகத்தை மேடையேற்றத் தீர்மானித்தனர். ஆயத்தங்கள் முடியுமுன்னரே ஆட்கள் குறையத் தொடங்கினர். இசையை நெறிப்படுத்த முன்வந்த ராஃபேல் ஷெக்டர் 1941 நவம்பரில் தெரெசினுக்கு அனுப்பப்பட்டார். கிராசா 1942 ஓகஸ்டில் அனுப்பப்பட்டார். விடுதித் தலைவரின் மகன் ருடொல்ஃப் ஃபிரொய்டன்ஃபெல்ட் பொறுப்பேற்று, பியானோ, வயலின், மேளம் ஆகிய மூன்று வாத்தியங்களை மாத்திரம் கொண்டு 1942–43 குளிர்காலத்தில் இரகசியமாக நாடகத்தை நடத்தினார். தம் நாடகத்தின் முதல் மேடையேற்றத்தைக் காணும் பேறு கிராசாவுக்குக் கிட்டவில்லை. 1943 யூலையில் விடுதியினர் தெரெசின் வந்து சேர்ந்தபோது ருடொல்ஃபின் பொதிக்குள் பியானோவுக்கான இசைப்பிரதி இருந்தது. ஒருவர் கொண்டுவர அனுமதிக்கப்பட்டது 50 கிலோ நிறையே. அதிலே தாளுக்கு இடம் ஒதுக்கியவரை நாம் எளிதில் மறந்துவிடலாகாது. நகரிற் கிடைத்த வாத்தியக்காரர் எவர் எவர் என்று பார்த்து, கிற்றாரும் அக்கோடியனும் உட்படக் கையிலிருந்த கருவிகளுக்கு ஏற்பக் கிராசா இசையைப் புதிதாக எழுதினார். இசைக்கு நேர்ந்த இதே விதிதான் காட்சியமைப்புக்கும் நேர்ந்தது.

காட்சியமைப்பாளர் பிரான்டிசெக் ஸெலென்கா. 1904இற் பிறந்தவர், கட்டடக்கலைஞர். பிராக்கின் ‘விடுதலை அரங்கு’ என்ற புகழ்பெற்ற நாடகசாலையில் வொஸ்கொவெட்ஸ், வெரிஹ் என்னும் இரு நகைச்சுவைக் கலைஞர்கள் பாசிசத்தை எள்ளி நகையாடிய நாடகங்களுக்கு மேடை வகுத்தவர். தேசிய அரங்குக்கும் பணியாற்றியவர். இவையாவற்றுக்கும் மேலாக, நமது பொருளுக்கு இன்றியமையாத ஒரு செய்தி உண்டு: அவர் சுவரொட்டி வரைவதிலும் வல்லவர். தெருவில் விரைந்து செல்பவனை ஒரு கணம் நிறுத்தி, ஒரு பார்வையிலே பொருளை உணர்த்தவேண்டிய கலை அது. கோடு குறைவாகவும் வர்ணம் அழுத்தமாகவும் இருக்கவேண்டும். பிராக்கின் பேரரங்குகளில் வேலைசெய்த ஒருவர் தெரெசினுக்கு வந்ததும் தம் தரத்தைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வேலியோடு அமைதியடைந்தார் என்று கருதுவது தவறு. தமது கைக்கு மிக நெருக்கமான தொழிலை அவர் மேடைக்குக் கொண்டுவந்தார் என்பதே பொருத்தம்.

பலகை எங்கிருந்து வந்தது? தெரெசினில் மரம் மிக அருமையான பொருள். தச்சுப்பட்டறையிற் கட்டில் அடித்தனர், சவப்பெட்டி அடித்தனர். மேடைக்கென எவரும் மரம் ஒதுக்கித் தரவில்லை. இரவிலே களவாக எடுத்துவந்த பலகைகளே வேலியாயின என்பது உயிர்தப்பியோரின் நினைவு. களவு என்ற சொல்லை நாம் எழுதினோம். அந்நகரத்தவர் அப்படிச் சொல்லவில்லை. ‘ஷ்லொய்ஸன்’ என்று ஒரு வினைச்சொல்லை அவர்கள் வழங்கினர். மதகு என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. புதிதாக வருவோரைச் சோதித்து அவர்தம் உடைமைகளைப் பறித்துக்கொள்ளும் இடத்துக்கு ‘மதகு’ என்று பெயர். ஆதலால், பறித்தவர்களின் பண்டசாலையிலிருந்து ஒன்றை எடுப்பது ‘மதகுவழி எடுப்பது’. இன்னொரு கைதியின் பாண்துண்டை எடுப்பதே களவு. இவ்விரண்டையும் பிள்ளைகளும் நன்கு பிரித்தறிந்திருந்தனர். ஒரு சமுதாயத்தின் அறவுணர்வு எத்தகைய சொற்களிலே ஒதுங்கி உயிர் பிழைக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி அவ்வேலி எவ்வாறு வேலைசெய்தது என்பதைச் சற்று நிதானமாக நோக்குவோம். நாடகத்தில் அந்திப்பொழுது உண்டு, இரவு உண்டு, விடியல் உண்டு, இடம் ஒன்றே. வேலியை மாற்றவேண்டியதில்லை. திரையை இறக்கி ஏற்றும் பொறிகளும் வேண்டியதில்லை. பகலிலே அது சந்தைத் தெருவின் ஓரம். இரவிலே வீடு செல்ல அஞ்சிய இரு பிள்ளைகள் ஒதுங்கிக் கிடக்கும் மறைவிடம். விளம்பரத்தாளிலே பகலெல்லாம் அசையாதிருந்த பிராணிகள் இரவிற் பேசத் தொடங்குவது குழந்தை மனத்துக்கு இயல்பான ஒன்று. இருளிற் சுவர்ப்படம் தன்னைப் பார்க்கிறது என்று எண்ணாத குழந்தை எது? முகமூடியோ மிருகத்தோலோ இல்லாமல் மூன்று பிராணிகளை மேடைக்குக் கொண்டுவர ஒரு துளை போதுமாயிற்று. மேலும், தன் முறை வரும்வரை மேடையோரத்தில் தவித்து நிற்கும் சிறுவரை மறைத்துவைக்கவும் வேலியே உதவிற்று. சிறுவர் நாடகம் பழக்கிய ஆசிரியர் எவரும் இந்த ஒரு வசதியின் அருமையை உடனே உணர்வர்.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்கின்றோம். முதல் மேடையேற்றத்துக்கு மூன்று வாரங்கூட இல்லாதபோது, 1943 செப்டெம்பர் 6ஆம் திகதி, ஏறத்தாழ ஐயாயிரம் பேர் தெரெசினிலிருந்து அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். டிசம்பரில் மீண்டும் ஐயாயிரம். கூட்டுப் பாடகரான பிள்ளைகளின் வரிசை அடிக்கடி குறைந்தது, புதிய பிள்ளைகள் வந்து இடைவெளியை நிரப்பினர், அவர்களும் போயினர். தெரெசினில் ‘புருண்டிபார்’ 55 முறை நடிக்கப்பட்டது என்று கணக்கிட்டுள்ளனர். வாரத்துக்கு ஒன்று என்னுமாறு ஓராண்டுக்காலம் அது நடந்தது. நடிகர் இன்று இருந்து நாளை இல்லாமற் போகும் ஓர் அரங்கில், பலகையிலே நிலைத்துவிட்ட பூனையின் உடலுக்கு எந்தப் பிள்ளையின் முகமும் பொருந்தும். ஸெலென்கா இதனை எண்ணியே துளையிட்டார் என்று நாம் வாதிடவில்லை. ஆயினும் அத்துளைகள் அப்படிப் பயன்படக்கூடியனவாக இருந்தன.

எனினும் பூனை மாறவில்லை. எலா ஸ்டைன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி 55 முறையும் தானே பூனையாக நடித்ததாகப் பின்னாளிற் கூறினார். தாயின் கறுத்த கம்பளிச் சட்டையும் தமக்கையின் கறுத்த காற்சட்டையுமே அவளுடைய வேடம். புருண்டிபாராக நடித்தவன் ஹொன்ஸா டிரைக்லிங்கர். பெற்றோரை இழந்து பில்சன் நகர அநாதை விடுதியிலிருந்து வந்தவன். அந்தப் பாத்திரத்தைத் தனக்குத் தருமாறு தானே கேட்டு வாங்கியவன். ஒட்டுமீசையை உதட்டின்மேல் துள்ளவைத்து அவன் காட்டிய வேடிக்கைக்கு மண்டபமே சிரித்தது. மீசையுள்ள ஒரு கொடியவன் பிள்ளைகளால் வெல்லப்படுவதைக் கண்டவர்க்கு அம்மீசை யாருடையது என்று எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மேடையில் நிற்கும் வேளையில் மாத்திரம் பிள்ளைகள் தமது உடையில் மஞ்சள் நட்சத்திரம் அணியவேண்டியதில்லை. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே நடித்ததாகச் சொன்னவர்களும் உண்டு.

காட்சியமைப்பைப் பற்றி எழுதும்போது ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியையைக் கூறாது விடுவது முறையன்று. வியன்னாவிற் பிறந்து வைமார் நகரின் பௌஹவுஸ் கலைக்கூடத்திற் பயின்றவர்; பேர்லினில் நாடகங்களுக்கு மேடையும் உடையும் வகுத்தவர். 1942 டிசம்பரில் தெரெசினுக்கு வந்தபோது தமக்கு அனுமதிக்கப்பட்ட நிறையின் பெரும்பகுதியை அவர் வர்ணங்களுக்கும் தாள்களுக்குமே செலவிட்டார். படுக்கைவிரிப்புகளைச் சாயமிட்டுக் கொண்டுசென்றால் பிள்ளைகளின் நாடகத்துக்கு உதவும், பச்சை விரிப்பைப் போர்த்தினால் அதுவே காடாகிவிடும் என்று அவர் எண்ணியதை அவரை அறிந்தோர் நினைவுகூர்ந்துள்ளனர். சிறுவர் விடுதிகளில் அவர் நடத்திய வகுப்புகளில், பழைய அலுவலகப் படிவங்களின் பின்புறத்திலும் பொதி சுற்றிய தாளிலும் பிள்ளைகள் வரைந்தனர். பார்த்ததை அப்படியே எழுதச் சொல்லாமல், பொருளின் தன்மையை அறிந்து அதனை வேறொன்றாக ஆக்கச் சொல்வது அவர் முறை. பச்சை விரிப்பு காடாவதும் விளம்பரத்தாள் பூனையாவதும் ஒரே பள்ளியின் பாடங்கள்.

இனி இரண்டாவது காட்சியமைப்புக்கு வருவோம்.

1943 ஒக்டோபரில் டென்மார்க்கிலிருந்து 470 பேரளவில் யூதர்கள் தெரெசினுக்குக் கொண்டுவரப்பட்டனர். தம் நாட்டு மக்களின் நிலையை நேரிற் காணவேண்டுமென டென்மார்க் அரசு விடாது வற்புறுத்திற்று. சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியும் டென்மார்க்கினரும் வந்து பார்ப்பதற்கு நாஜிகள் இணங்கினர். அதற்குமுன் நகரை ‘அழகுபடுத்தும்’ வேலை தொடங்கிற்று. விருந்தினர் நடந்துசெல்லவேண்டிய பாதை முன்கூட்டியே கோடிட்டு வகுக்கப்பட்டது. அப்பாதையில் அமைந்த வீடுகளின் முகப்புகளுக்கு வர்ணம் பூசினர். சதுக்கத்திற் புல்லும் ரோசாச் செடிகளும் நட்டு, வாத்தியக் குழுவுக்கு மண்டபம் எழுப்பினர். விற்பனைக்கன்றி வேடிக்கைக்காகப் பண்டங்களை அடுக்கிய கடைகள், வைப்பும் கடனும் இல்லாத வங்கி, அதற்கெனத் தனி நாணயத்தாள், தேநீர்ச்சாலை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிய விளையாட்டுத் திடல் யாவும் தோன்றின. பாடம் சொல்லுவதே தடைசெய்யப்பட்டிருந்த நகரில், ஒரு கட்டடத்துக்குப் பாடசாலை என்று பெயர்ப்பலகை மாட்டி, விடுமுறைக்காக மூடப்பட்டுள்ளது என்று அறிவித்தலும் தொங்கவிட்டனர். மேடைப் பொருள்களைப் பற்றி இவ்வளவு கவனமாகச் சிந்தித்த ஒரு காட்சியமைப்பாளனை நாடக வரலாற்றிற் காண்பது அரிது! கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் காட்சி கெட்டுவிடும் அல்லவா? 1944 மே மாதத்தில் மூன்று புகைவண்டிகளில் 7,503 பேரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பி நகரைச் சற்று விசாலமாக்கினர்.

யூன் 23ஆம் திகதி விருந்தினர் வந்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் மொரீஸ் ரொஸ்ஸெல் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர், டென்மார்க்கிலிருந்து இருவர். அன்று நகரம் முழுவதும் ஒத்திகை பார்த்த நாடகமாகவே நடந்தது. நகரத் தளபதியான கார்ல் ராம் பிள்ளைகளுக்கு மீன் ரின்களைக் கொடுக்கும்போது, ‘ராம் மாமா, மறுபடியும் சார்டின் மீனா?’ என்று சலித்துக்கொள்ளுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தனர் என உயிர்தப்பியோர் கூறுவர். அந்த வசனத்தைப் பேசிய பிள்ளைகள் அன்றுவரை மீன் ரின்னையே கண்டதில்லை. ரொஸ்ஸெல் தம் அறிக்கையில், தெரெசின் ஓர் இறுதி முகாம், அங்கு வந்தவர் வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை என்று எழுதினார். பாதையை விட்டு ஒரு தெரு அப்பால் நடந்திருந்தாலும் அவர் வேறுவிதமாக எழுதியிருக்கக்கூடும். ஒருவரும் விலகி நடக்கவில்லை.

அந்த நாடகத்தின் ஓர் அங்கமாக ‘புருண்டிபார்’ நாடகமும் காட்டப்பட்டது. இவ்விடத்திலேதான் நமது வேலியின் வரலாறு கசப்பாகிறது. மக்டெபூர்க் படைவீட்டின் சிறு மண்டபம் போதாதென்று, நல்ல மேடையுள்ள சொக்கொல் உடற்பயிற்சி மண்டபத்துக்கு நாடகத்தை மாற்றினர். அதுவரை ஆணி ஒன்றுக்கும் அலைந்தவர்களுக்கு இப்பொழுது மரமும் வர்ணமும் துணியும் கேட்டபடி கிடைத்தன. விருந்தினர் நாடகத்தின் ஒரு பகுதியைக் கண்டனர். பிள்ளைகள் என்றும்போல நன்றாகவே பாடினர்.

கலை பொய்க்குத் துணைபோயிற்று என்று இதனைக் கடிந்துரைப்போர் உளர். அவ்வாதத்தை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. மகிழ்ச்சியாகப் பாடும் குழந்தைகளைவிடக் கொலைகாரனுக்கு ஏற்ற திரைச்சீலை வேறு கிடைத்திராது. ஆனால் பாட மறுப்பதற்கு அப்பிள்ளைகளுக்கு உரிமை இருந்ததா என்பதையும் நோக்கவேண்டும். அதனினும் முக்கியமாக, இவ்விரு காட்சியமைப்புகளும் யாரை நோக்கி அமைந்தன என்பதை நோக்கவேண்டும். பலகை வேலிக்கு முன்னால் அமர்ந்திருந்தோர் நுழைவுச்சீட்டுக்காகக் காத்திருந்து வந்த கைதிகள். வேலிக்குப் பின்னால் இருப்பது யாரென்று அவர்கள் நன்கு அறிவர். துளையில் தோன்றும் முகம் தம் அறையில் உறங்கும் பிள்ளையின் முகம் என்பதும், அது அடுத்த வாரம் இராமற் போகலாம் என்பதும் அறிவர். வேலி எதையும் மறைக்கவில்லை. தான் பலகை என்பதை அது ஒளிக்காமல் நின்றது. எஞ்சியதைப் பார்ப்பவரே சேர்த்துக்கொண்டனர். வர்ணம் பூசிய நகரமோ பின்னால் எட்டிப் பார்க்காதவரையே நிற்கக்கூடியது. அந்த நகரத்துக்குள் இந்த வேலியைத் தூக்கிச் சென்று வைத்தமையால் வேலி பொய்யாகிவிட்டது என்று கூற நமக்கு மனம் ஒப்பவில்லை. வெளியார் முன்னிலையிலும் மீசைக்காரன் தோற்றான், பிள்ளைகள் வென்றனர். உணரத்தக்கவர் அங்கு இருக்கவில்லை என்பது பிள்ளைகளின் குற்றமன்று.

பொய் வெற்றிபெற்றதும் அதனைப் படமாக்க விரும்பினர் நாஜிகள். 1944 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில், கைதிகளுள் ஒருவரான நடிகர் குர்ட் கெரோனைக் கொண்டே ஒரு திரைப்படம் எடுத்தனர். ‘புருண்டிபார்’ நாடகத்தின் இறுதிக் காட்சியும் அதில் இடம்பெற்றது. படப்பிடிப்பு முடிந்து சில நாட்களே சென்றன. செப்டெம்பர் 28ஆம் திகதி தொடங்கி ஒக்டோபர் 28ஆம் திகதிவரை பதினொரு புகைவண்டிகளில் 18,000 பேருக்கு மேல் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். ஃபிரீடல் ஒக்டோபர் 6ஆம் திகதி சென்றார். 9ஆம் திகதி பிர்க்கனவில் கொல்லப்பட்டார். கிராசாவும் ஷெக்டரும் 16ஆம் திகதி வண்டியிற் சென்றனர். ஸெலென்காவும் அம்மாதமே சென்றார்; அவருக்கு வயது நாற்பது. விடுதித் தலைவர் ஒட்டோ ஃபிரொய்டன்ஃபெல்டும், மீசையைத் துள்ளவைத்த ஹொன்ஸாவும், படத்தை எடுத்த கெரோனும் மீளவில்லை. பாடிய பிள்ளைகளிற் பெரும்பாலோரும் மீளவில்லை. ருடொல்ஃப் ஃபிரொய்டன்ஃபெல்ட் உயிர்தப்பினார்.

அத்திரைப்படம் பொதுமக்களுக்குக் காட்டப்படவேயில்லை. அதன் சில துண்டுகளே எஞ்சியுள்ளன. ஃபிரீடல் போகுமுன் இரண்டு பெட்டிகளில் நிரப்பிவைத்த நாலாயிரத்து ஐந்நூறு அளவிலான சிறுவர் ஓவியங்கள் இன்று பிராக்கின் யூத அரும்பொருளகத்தில் உள்ளன. தெரெசினின் நாடகச் சுவரொட்டிகள், நுழைவுச்சீட்டுகள், வரைபடங்கள் ஆகியவற்றைக் கரெல் ஹெர்மன் என்ற கைதி ஒன்றுவிடாது சேகரித்து வைத்தமையால் அவையும் தப்பின.

1970களில் அமெரிக்காவில் மீண்டும் மேடையேறியதன் பின்னர் ‘புருண்டிபார்’ உலகெங்கும் பரவிற்று. 2003இல் மொரீஸ் சென்டக் என்ற புகழ்பெற்ற சிறுவர்நூல் ஓவியர் அதற்குப் பெருஞ் சித்திரங்கள் எழுதினார். நாடகாசிரியர் டோனி குஷ்னர் கதையைப் புதிதாகச் சொன்னார். அழகான நூல், நாம் அதனைக் குறைகூறவில்லை. ஆயினும் சிறு பாடசாலைகளில் இந்நாடகத்தைப் பழக்குவோருக்கு அதனினும் உதவுவது ஸெலென்காவின் வழியே. பத்துப் பன்னிரண்டு பலகைகள், குறுக்கே இரண்டு சட்டங்கள், மூன்று பெரிய தாள்கள், வாள் ஒன்று. துளையின் உயரத்தை மட்டும் பிள்ளைகளை நிறுத்தி அளந்துகொள்ளவேண்டும். பூனைக்கும் நாய்க்கும் குருவிக்கும் வெவ்வேறு உயரம். விளிம்பை நன்றாகத் தேய்த்துவிடாவிட்டால் கன்னத்தில் கீறும்.

பூனையாக நடித்த எலா உயிர்தப்பினார். பின்னர் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்து 2018இல் மறைந்தார். பிள்ளைகள் ‘புருண்டிபார்’ நாடகத்தை நடித்த இடங்களுக்கு முதுமையிலும் தேடிச் சென்றார். நாடகம் முடியும் தறுவாயில் மேடைக்கு ஏறி, அப்பிள்ளைகளோடு சேர்ந்து நின்று இறுதிப் பாடலைப் பாடுவார்.